ஷெல்லில் புது வசதி: எங்கே சேர்ப்பது?

லினக்ஸ் டெர்மினலில் தினமும் வேலை செய்கிறவர்களுக்கு, தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்மீது ஏதாவது ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். அடிக்கடி போகிற கோப்புறைக்கு முழுப் பாதையையும் தட்டாமல் ஒரே சொல்லில் தாவ வேண்டும். ஒரு புராஜெக்டின் கோப்புறைக்குள் நுழைந்ததும் அதற்கான வேரியபிள்கள் தானாக அமைய வேண்டும், வெளியே வந்ததும் போய்விட வேண்டும். கட்டளை முடிந்தால் அது எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரிய வேண்டும். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக அனுப்பும் பைப்பின் நடுவில் இருக்கும் கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அதைக் கவனித்து நிற்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றையாவது கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை.

சேர்க்கும் வழிகள் நிறைய. தனி நிரலாக எழுதி, ஷெல் கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளில் (பாத்) போடலாம். பாஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு ஃபங்ஷனாக எழுதலாம். குறிப்பிட்ட தருணத்தில் நம் நிரலைக் கூப்பிட ஷெல் தருகிற கொக்கிகளில் மாட்டலாம். சி மொழியில் எழுதி ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்குள் ஏற்றலாம். ஷெல்லின் மூலநிரலையே திருத்தலாம். எதுவும் வேண்டாம் என்று ஃபிஷ், நுஷெல் போன்ற வேறு ஷெல்லுக்குக் குடிபெயரலாம். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறோம். கொஞ்ச நாள் கழித்து டெர்மினல் திறக்கவே நேரமாகிறது, சொந்த மடிக்கணினியில் ஓடிய ஸ்கிரிப்ட் சர்வரில் ஓடமாட்டேன் என்கிறது.

என் கட்சி இதுதான்: நீங்கள் கேட்கும் வசதி எதைத் தொடுகிறது என்று முதலில் பாருங்கள். ஷெல்லின் சொந்த நிலையைத் தொடுகிறதா? நாம் தட்டிக்கொண்டிருக்கும் வரியைத் தொடுகிறதா? மொழியின் இலக்கணத்தைத் தொடுகிறதா? இல்லை, எதையும் தொடாமல் உள்ளே வந்ததை மாற்றி வெளியே அனுப்புகிறதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மேலே சொன்ன வழிகளில் பாதி தானாகவே கழிந்துபோகும்.

சிடி ஏன் தனி நிரலாக இல்லை

யுனிக்ஸ் பிடிபி-7 கணினியில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் கோப்புறை மாற்றும் கட்டளையும் (இன்றைய சிடி) மற்றவற்றைப் போலச் சாதாரண நிரல்தான். ஒரு டெர்மினலுக்கு ஒரே ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரல்; அதுவே ஷெல்லாக இருக்கும், அதுவே கட்டளையாக மாறி ஓடும். பிறகு, ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறப்பிக்கும் ஃபோர்க் வந்தது. பிடிபி-7இல் அதைச் சேர்க்க 27 வரி அசெம்ப்ளிதான் ஆனது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் கோப்புறை மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள் என்கிறார் யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தும் பிழை எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் பிழையே இல்லை. கட்டளைக்காகப் பிறந்த புது ப்ராசஸ் தன் கோப்புறையை ஒழுங்காக மாற்றிக்கொண்டது, உடனே முடிந்துபோனது. அதைப் பெற்ற ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டளை ஷெல்லுக்குள் போனது.

இன்றைக்கும் அதே கதைதான். பிள்ளை ப்ராசஸால் தாயின் கோப்புறையை மாற்ற முடியாது, வேரியபிளை மாற்ற முடியாது. ஆகவே தாவும் வசதியும் புராஜெக்ட் வேரியபிள் வசதியும் முழுக்க முழுக்க வெளி நிரலாக இருக்கவே முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் கடைசி அடியை ஷெல்தான் எடுத்து வைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வேடிக்கையும் அதே காலத்தில் உண்டு. 1971இல் வந்த கென் தாம்ப்சனின் ஷெல்லில் உள்ளே எதுவும் வைக்காமல் முடிந்தவரை வெளியே தள்ளியிருந்தார்கள். நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது குளோப் என்ற தனி நிரல். ஸ்கிரிப்டுக்குள் வேறு வரிக்குத் தாவும் கோட்டோகூடத் தனி நிரல்! அது எப்படி முடிந்தது? ஸ்கிரிப்ட் கோப்புதான் ஷெல்லின் உள்ளீடு. அந்தக் கோப்பில் எதுவரை படித்தாயிற்று என்ற கணக்கைத் தாயும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும். கோட்டோ நிரல் லேபிளைத் தேடிப்பிடித்து, படிக்கும் இடத்தை அங்கே நகர்த்திவிட்டு முடிந்துபோகும். ஷெல் அடுத்த வரியைப் படிக்கப் போனால் அது வேறு இடமாக இருக்கும். எக்ஸிட் கட்டளை படிக்கும் இடத்தைக் கோப்பின் கடைசிக்கே தள்ளிவிடும், அவ்வளவுதான்.

சிடியால் முடியாததைக் கோட்டோ செய்ததற்குக் காரணம், கோப்பில் படிக்கும் இடம் இரண்டு ப்ராசஸுக்கும் பொது, கோப்புறை அப்படியில்லை. ஷெல்லை வெளியிலிருந்து தொட முடியுமா என்பதற்கு இன்றுவரை இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

தனி நிரல்

உள்ளே வந்ததை மாற்றி வெளியே அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம், தனி நிரலாக எழுதுங்கள். பைத்தானோ கோவோ ரஸ்டோ, எந்த மொழியிலும் எழுதலாம். பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ் எல்லாவற்றிலும் ஓடும். குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் கிரானில் ஓடும், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோடு ஓடும், உள்ளீட்டை வாதங்களாக்கிக் கட்டளை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுத்தாலும் ஓடும். ஜேசன் தரவைப் பிரிக்க ஷெல்லுக்குள்ளேயே வசதி வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. ஜேக்யூ என்ற தனி நிரல் வந்ததும் அந்தக் கேள்வி பெருமளவு ஓய்ந்துவிட்டது. ஷெல்லில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

1973இல் டக் மெக்கில்ராயின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பிறகு தாம்ப்சன் பைப்பைச் சேர்த்தார். ஷெல்லில் சேர்ந்த வசதிகளிலேயே அதிகப் பலன் தந்தது அதுதான் என்பேன், காரணம் அதற்குப் பிறகு வேறு ஆயிரம் வசதிகளை ஷெல்லில் சேர்க்கத் தேவையில்லாமல் போனது.

தனி நிரலுக்குச் செலவு உண்டு. ஒவ்வொரு முறையும் புது ப்ராசஸ் பிறக்க வேண்டும். ஒருமுறை என்றால் நமக்குத் தெரியாது. பத்தாயிரம் வரிக்குச் சுழலும் லூப்பின் உள்ளே வைத்தால் நன்றாகத் தெரியும். டெஸ்ட், எக்கோ போன்றவை முதலில் வெளி நிரல்களாக இருந்து பிறகு ஷெல்லுக்குள் வந்ததற்கு இதுதான் காரணம். ஆனால் நம்மில் எத்தனை பேருடைய வேலை அந்த லூப்பில் இருக்கிறது? இருந்தாலும் பெரும்பாலும் அந்த லூப்பையே ஆக் என்ற எழுத்துச் செயலாக்க மொழியில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கோப்புறை தாவுவது போன்றவற்றுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. கணக்குப் போடுகிற மூளையைத் தனி நிரலாக வைத்துக்கொள்வது. அது ஷெல் மொழியில் இரண்டு வரியை அச்சிடும். ஷெல் அதை ஈவல் செய்து, அதாவது தன் கட்டளையாகவே ஓட்டி, தன்மேல் ஏற்றிக்கொள்ளும். சாக்ஸைடும் டைர்என்வும் செய்வது இதைத்தான். சாக்ஸைடு நீங்கள் எந்தக் கோப்புறைக்கு அடிக்கடி, அண்மையில் போனீர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு பாதையைச் சொல்லும். ஷெல்லில் இருக்கும் சின்ன ஃபங்ஷன் சிடி செய்யும். டைர்என்வ் ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கு முன்னும் ஓடி, எந்த வேரியபிள் மாற வேண்டும் என்று அச்சிடும். ஒரே நிரல் பல ஷெல்களுக்கும் பொருந்துவதற்கு இதுதான் சூட்சுமம்: ஷெல்லுக்கு ஷெல் மாறுவது கடைசியில் அச்சிடப்படும் நாலு வரி மட்டுமே.

ஈவல் என்றதும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். கோப்புறைப் பெயரில் ஒற்றை மேற்கோளோ வரிமுறிவோ இருந்தால், அச்சிடும் நிரல் அதைச் சரியாகப் பொதிந்து தர வேண்டும். இல்லாவிட்டால் யாரோ வைத்த கோப்புறைப் பெயர் உங்கள் ஷெல்லில் கட்டளையாக ஓடும். டைர்என்வ் ஒரு புராஜெக்டின் அமைப்புக் கோப்பை நீங்கள் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய ஏற்றாது. கோப்பு மாறினால் மறுபடியும் அனுமதி கேட்கும். இந்தத் தொல்லை தேவையான தொல்லை. கிட் களஞ்சியத்திலிருந்து இறக்கிய யாரோ ஒருவரின் கோப்புறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் அவர் எழுதியது உங்கள் பெயரில் ஓடுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

ஃபங்ஷனும் ஏலியஸும்

ஏலியஸ் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லின் சொத்து. போர்ன் ஷெல்லுக்கு ஃபங்ஷன் 1984இல்தான் வந்தது. இன்று பாஷின் கையேடே, ஏறக்குறைய எல்லாத் தேவைக்கும் ஏலியஸைவிட ஃபங்ஷன் நல்லது என்று சொல்லிவிடுகிறது. ஏலியஸ் வெறும் எழுத்து மாற்றம். நடுவில் ஒரு வாதத்தைச் செருக முடியாது, ஸ்கிரிப்டில் இயல்பாக விரியவும் விரியாது. இரண்டு விருப்பக் குறிகளோடு எல்எஸ் (கோப்புப் பட்டியல்) கட்டளையைச் சுருக்குவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷனின் பலம், அது ஷெல்லின் அதே ப்ராசஸில் ஓடுவது. சிடி செய்யலாம், வேரியபிள் வைக்கலாம். அதன் பலவீனமும் அதேதான். உள்ளே வைத்த வேரியபிள் வெளியே கசியும். கசியாமல் இருக்க லோக்கல் என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். அது யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான பாசிக்ஸில் கிடையாது. பாஷில் லோக்கல் என்று மட்டும் சொன்னால் வேரியபிள் மதிப்பில்லாமல் தொடங்கும், டாஷ் என்ற சிறிய ஷெல்லில் வெளியே இருந்த மதிப்போடு தொடங்கும். கார்ன் ஷெல்லின் முறையோ முற்றிலும் வேறு. இத்தனை ஷெல்கள் இத்தனை விதமாகச் செய்த பிறகு தரம் வகுப்பவர்கள் எதை எழுதுவார்கள்?

தவிர, ஃபங்ஷன் உங்கள் ஷெல்லுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். சூடோவுக்குத் தெரியாது, கிரானுக்குத் தெரியாது, ஃபைண்டுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கும் தெரியாது. இதைத் தாண்ட பாஷ் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தது: ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்தால், அதன் உடலைச் சூழல் வேரியபிளாக மாற்றிப் பிள்ளைக்குக் கொடுக்கும்; பிள்ளையும் பாஷாக இருந்தால் பிறக்கும்போதே அதைப் படித்து மறுபடி ஃபங்ஷனாக்கிக்கொள்ளும். 1989இல் சேர்ந்த வசதி. கேட்பதற்கு எவ்வளவு அடக்கமான வசதி!

2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலா அதன் இன்னொரு முகத்தைக் கண்டுபிடித்தார். வேரியபிளின் மதிப்பு ஃபங்ஷனைப் போலத் தொடங்கினால் போதும், பாஷ் அதைப் படிக்கும். ஃபங்ஷனின் உடல் முடிந்த பிறகும் நிற்காமல், பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளையையும் சேர்த்து ஓட்டிவிடும். வெப் சர்வர்கள் சிஜிஐ முறையில், உலாவி அனுப்பும் தலைப்புகளைச் சூழல் வேரியபிளாகத்தான் கொடுக்கும். ஆக, எங்கோ இருப்பவர் தன் உலாவியின் பெயரை மாற்றி எழுதி உங்கள் சர்வரில் கட்டளை ஓட்டலாம் என்று ஆனது. கணினிக்கு வலைமுகவரி தரும் டிஎச்சிபி வழியாகவும் முடிந்தது. ஷெல்ஷாக் என்று பெயர் வைத்தார்கள். திருத்திய பாஷ் இப்போது தனிக் குறியிட்ட பெயர் கொண்ட வேரியபிளை மட்டுமே ஃபங்ஷனாக ஏற்கிறது.

பாஷை மட்டம் தட்டுவதற்காக இதை நீட்டிச் சொல்லவில்லை. ஷெல்லில் ஒரு வசதியைச் சேர்க்கிறவர், தன் டெர்மினலை மனத்தில் வைத்துச் சேர்க்கிறார். அதே ஷெல் 25 ஆண்டு கழித்து எந்த நிரலின் அடியில் யார் அனுப்பிய சரத்தைப் படித்துக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்யத் தோன்றினால், அது தனி ஸ்கிரிப்டாக மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிகள்

கட்டளை ஓடிய நேரத்தைக் காட்டுவதற்கு, ஓடத் தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் ஷெல் நம்மைக் கூப்பிட வேண்டும். இசட்-ஷெல்லில் இதற்கென்றே ப்ரீஎக்ஸெக், ப்ரீகமாண்ட் என்ற இரண்டு கொக்கிகள் உண்டு. கோப்புறை மாறினால் கூப்பிட ஒன்று தனியாக உண்டு. பாஷில் ப்ராம்ப்டுக்கு முன்னால் கூப்பிடும் கொக்கி மட்டும் நெடுங்காலமாக இருந்தது. தொடக்கத்தைப் பிடிக்க, பிழை தேடுவதற்காக வைத்த டீபக் ட்ராப்பை வளைத்துப் பயன்படுத்தினார்கள். அது பைப்பில் உள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் பாயும்; டேப் அழுத்தும்போது ஓடும் ஃபங்ஷன்களிலும் குறுக்கே வரும்; வேறு யாராவது அதே ட்ராப்பை வைத்தால் முன்னது காணாமல் போகும். 2016இல் வந்த 4.4 பதிப்பு, கட்டளையைப் படித்த பிறகு, ஓட்டுவதற்கு முன் விரிகிற ஒரு ப்ராம்ப்டைக் கொடுத்தது. 2020இன் 5.1 பதிப்பிலிருந்து ப்ராம்ப்ட் கொக்கியில் பல கட்டளைகளைப் பட்டியலாக மாட்டலாம். கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

ஆனால் நில்லுங்கள். இசட்-ஷெல்லில் ரிப்போர்ட்டைம் என்ற வேரியபிளுக்கு ஓர் எண் கொடுத்தால், சிபியுவில் அத்தனை வினாடிக்குமேல் எடுத்த கட்டளைக்கு மட்டும் நேரத்தை அதுவே அச்சிடும். ஃபிஷ்ஷில் கடைசிக் கட்டளையின் நேரம் எப்போதும் ஒரு வேரியபிளில் தயாராக இருக்கும். கோப்புறை தாவுவதற்கும் சிடிபாத் என்ற பழைய வசதி பாசிக்ஸ் தரத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மேல்கோப்புறைகளை அதில் எழுதிவைத்தால் பலருக்கு அதுவே போதும். சேர்க்கக் கிளம்பும் முன் ஷெல்லின் கையேட்டை ஒருமுறை புரட்டுவது நேர விரயம் ஆகாது. இசட்-ஷெல்லின் கையேடு அதற்குள் நுழைந்தவர் திரும்பிவராத காடு என்பது வேறு விஷயம்.

தட்டும் வரியைத் தொடும் வசதிகள், அதாவது டேப் நிரப்புதல், பழைய கட்டளையைத் தேடுதல், நிறம் காட்டுதல் எல்லாம் இந்தப் பிரிவில்தான் வரும். இங்கே தாராளமாக விளையாடலாம் என்பது என் கருத்து. பாஷில் வரியைத் திருத்துவது ரீட்லைன் என்ற தனி லைப்ரரி. ஒரு விசையை நம் ஃபங்ஷனோடு கட்டிவிடலாம். ஜுனேகன் சோய் எழுதிய எஃப்இசட்எஃப் அப்படித்தான் கன்ட்ரோல்-ஆரைப் பிடித்துக்கொண்டு ஹிஸ்டரி முழுவதையும் தேடத் தருகிறது. தேடும் வேலை தனி நிரலில், ஒட்டும் வேலை மட்டும் ஷெல்லில். இந்த வகை வசதி கெட்டுப்போனாலும் ஸ்கிரிப்ட் எதுவும் உடையாது. நம் எரிச்சலோடு முடிந்துவிடும்.

ப்ளகின் தொகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓ மை இசட்-ஷெல் 2009இல் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் இசட்-ஷெல்லுக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை கோப்பும் படிக்கப்படும். பயன்படுத்தாத இருபது ப்ளகின்களைச் சுமந்துகொண்டு ஷெல் மெதுவாக இருக்கிறது என்று புலம்புவதில் நியாயமில்லை. இசட்-ஷெல்லிலேயே இருக்கும் இசட்ப்ராஃப் மாட்யூலை ஏற்றிப் பார்த்தால் எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். ப்ளகின் ஒவ்வொன்றும் உங்கள் முழு அதிகாரத்தோடு ஓடுகிற நிரல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடும் ஷெல்லுக்குள் சி நிரலை ஏற்றுவதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பாஷில் எனேபிள் கட்டளையால் முடியும், மூலநிரலோடு மாதிரிகளும் வருகின்றன. இசட்-ஷெல் தன் வசதிகளில் பலவற்றை மாட்யூலாகவே வைத்திருக்கிறது. வேகம் கிடைக்கும், ஷெல்லின் உள் நிலையைத் தொடலாம். பதிலுக்கு, உங்கள் நிரலில் ஒரு தவறான சுட்டி இருந்தால் ஷெல்லே விழும். பாஷின் பதிப்பு மாறினால் மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். ப்ராசஸ் பிறக்கும் செலவு உண்மையிலேயே உங்களைக் கடிக்கிறது என்று அளந்து பார்த்தவர்களைத் தவிர மற்றவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

இலக்கணத்தைத் தொடுவது

இனி நான்காவது ஆசைக்கு வருவோம். பைப்பின் முடிவு என்பது வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் முடிவு. முன்னால் இருப்பவை தோற்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தரவுத்தளத்தை எடுத்து, பைப்பில் சுருக்கி, கோப்பில் சேமிக்கும் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டை எண்ணிப் பாருங்கள். தரவுத்தளக் கட்டளை பாதியில் செத்தாலும் சுருக்கும் நிரல் கிடைத்ததை அழகாகச் சுருக்கி வெற்றி என்று சொல்லும்.

இதை வெளி நிரலாலோ கொக்கியாலோ சரிசெய்ய முடியாது. பைப்பைக் கட்டுவது ஷெல், முடிவுகளைச் சேகரிப்பதும் ஷெல். டைம் கட்டளையும் இதே வகை: பாஷில் அது ஒதுக்கப்பட்ட சொல், அதனால் ஒரு முழு பைப்பையும் அளக்கிறது, தனி நிரலாக இருக்கும் டைம் தனக்குக் கொடுத்த ஒரே கட்டளையைத்தான் அளக்கும். பைப்ஃபெயில் என்ற தீர்வு கார்ன் ஷெல்லில் பிறந்தது, 2004இல் பாஷ் 3.0இல் சேர்ந்தது, பாசிக்ஸ் தரத்தில் 2024 பதிப்பில்தான் இடம்பிடித்தது. பாஷிலிருந்து தரத்துக்குப் போக 20 ஆண்டு! ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய, யாரும் வேண்டாம் என்று சொல்லாத வசதிக்கே இந்தக் கதி.

மெதுவாகப் போவதற்குக் காரணம் சோம்பல் கிடையாது. ஷெல்லின் இலக்கணத்தில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஸ்டீவ் போர்ன் 1979இல் வெளிவந்த தன் ஷெல்லில் ஆல்கால் 68 பாணியில் இஃப்பை ஃபையாலும் கேஸை ஈசாக்காலும் மூடினார். டூவை மட்டும் ஓடியால் மூட முடியவில்லை. அந்தப் பெயரில் எண்ம வடிவில் கோப்பைக் காட்டும் கட்டளை ஏற்கெனவே இருந்தது. அதனால் டன் வந்தது. இன்று ஷெல் கற்கும் ஒவ்வொரு மாணவரும் அந்த முரணைக் கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்கிறார். கட்டளையின் வெளியீட்டைப் பிடிக்கும் பின்மேற்கோளுக்குப் (`) பதிலாக ஒழுங்காக உள்ளடுக்கக்கூடிய $( ) வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பழையதை எடுக்க யாருக்கும் துணிவில்லை.

ஒரு ஷெல்லில் சேர்ந்துவிட்டது என்பதற்காக எல்லாக் கணினிக்கும் போய்விட்டது என்று ஆகாது. எண்ணுக்குப் பதில் பெயரால் மதிப்புகளை அடுக்கும் பெயர்வழி அணிகள் 2009இல் பாஷ் 4.0இல் வந்தன. அந்தப் பதிப்பு ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வந்ததால் ஆப்பிள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மேக்கில் பாஷ் 3.2இலேயே நின்றுபோனது, 2019இல் இயல்பு ஷெல் இசட்-ஷெல்லாக மாறியது. உபுண்டுவோ 2006இல் 6.10 பதிப்பில் கணினியின் அடிப்படை ஷெல்லான எஸ்எச்சை டாஷுக்கு மாற்றியது. கணினி சீக்கிரம் எழவேண்டும் என்பது நோக்கம். எஸ்எச் என்று முதல் வரியில் எழுதிவிட்டு உள்ளே [[ ]] என்று பாஷின் இலக்கணத்தை எழுதியிருந்த ஸ்கிரிப்டுகள் அன்றைக்கு வரிசையாக விழுந்தன. வசதி குறைந்த ஷெல்தான் வேகமாக ஓடியது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நீங்களே பாஷின் மூலநிரலைத் திருத்தலாமா? கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாக. நிறுவனத்தில் பயன்படுத்துவதற்கு என்றால் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போதும் உங்கள் மாற்றத்தை மறுபடி ஒட்டிக் கட்ட வேண்டும், ஷெல்ஷாக் மாதிரி ஒரு வாரம் வந்தால் என்ன செய்வீர்கள்? மாற்றத்தைப் பாஷை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கே அனுப்பலாம். பாஷைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர் செட் ரேமி. அவர் எதையும் சேர்ப்பதில்லை என்று சொல்ல முடியாது. கார்ன் ஷெல்லில் இருந்த, தனி ப்ராசஸ் எடுக்காமல் கட்டளையின் வெளியீட்டைப் பிடிக்கும் வடிவம் 2025இல் 5.3 பதிப்பில் வந்திருக்கிறது. வேறொரு ஷெல்லில் ஏற்கெனவே ஓடித் தேறிய வசதிக்கு வாய்ப்பு கூடுதல் என்பது இந்த வரலாற்றில் தெரிகிறது.

மாறிவிடலாமா

ஃபிஷ் 2005இல் வந்தபோது பழைய இலக்கணத்தோடு ஒத்துப்போவதைத் தன் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. பலன் கைமேல் கிடைத்தது: தட்டும்போதே நிறம், ஹிஸ்டரியிலிருந்து மங்கலாகத் தெரியும் பரிந்துரை, எதையும் அமைக்காமலேயே நல்ல டேப் நிரப்பல். தட்டுகிறவருக்கு இதைவிட வசதியான ஷெல் கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வரியை எடுத்து ஒட்டினால் ஓடவில்லை. ஜனங்கள் விடவில்லை. 2018 கடைசியில் வந்த 3.0 பதிப்பில் && மற்றும் || சேர்ந்தன. கட்டளைக்கு முன்னால் வேரியபிளை வைக்கும் வடிவம் 2020இல். $( ) 2022இல். இலக்கணத்தை உதறிவிட்டு வெளியே போன ஷெல், ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டது.

நுஷெல் இன்னும் தூரம் போகிறது: பைப்பில் எழுத்து ஓடாமல் அட்டவணை ஓடுகிறது. 2006இல் பவர்ஷெல் பொருள்களை ஓடவிட்டதன் வாரிசு என்று சொல்லலாம். தரவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அருமை. ஆனால் கட்டளைகளின் நடத்தை பதிப்புக்குப் பதிப்பு மாறிவந்திருக்கிறது. ஆண்டி சூவின் ஆயில்ஸ் வேறு பாதை: ஒரு பக்கம் பாஷ் ஸ்கிரிப்டுகளை அப்படியே ஓட்டும் ஷெல், இன்னொரு பக்கம் புது மொழி, நடுவில் மெல்ல மெல்லக் கடக்கப் பாலம். எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது, சர்வர்களில் அது இயல்பாக வந்து உட்காரும் நாள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாறுவதாக இருந்தால் தட்டுவதற்கு மட்டும் மாறுங்கள். கணினிக்குள் நுழைந்ததும் ஓடும் லாகின் ஷெல்லை மாற்ற வேண்டியதில்லை. டெர்மினல் நிரலின் அமைப்பில், திறந்ததும் ஃபிஷ்ஷை ஓட்டு என்று சொன்னால் போதும். எஸ்எஸ்எச் வழியாகப் போர்ன் இலக்கணத்தில் வரி அனுப்பும் கருவிகள் இருக்கின்றன, அவை லாகின் ஷெல்லைத்தான் சந்திக்கும். நிர்வாகிக் கணக்கான ரூட்டின் ஷெல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

சரி, நான்கு ஆசைகளுக்கும் என் தீர்ப்பு. தாவுவதற்கு முதலில் சிடிபாத், போதாவிட்டால் சாக்ஸைடு. ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டாம். புராஜெக்ட் வேரியபிளுக்கு டைர்என்வ். ஓடிய நேரத்துக்கு இசட்-ஷெல்லிலும் ஃபிஷ்ஷிலும் ஏற்கெனவே இருப்பதே போதும். பாஷில் இருந்தால் தேவைப்படும்போது டைம் என்று முன்னால் தட்டிக்கொள்ளுங்கள், டீபக் ட்ராப்போடு போராடும் அளவுக்கு அது பெரிய வசதி இல்லை.

பைப் தோல்விக்கு ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்எச் என்று எழுதாமல் பாஷ் என்றே எழுதி, பைப்ஃபெயிலைப் போடுங்கள். தரத்தில் வந்துவிட்டதே என்று எஸ்எச்சோடு விட்டால், பழைய டாஷ் இருக்கும் சர்வரில் அந்த வரியிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மேக்கின் பழைய 3.2க்கும் பைப்ஃபெயில் தெரியும். போட்ட பிறகு இரண்டு இடங்களைப் பாருங்கள். வரிகளைத் தேடும் கிரெப்புக்கு எதுவும் கிடைக்காவிட்டால் அதுவும் தோல்வியாக எண்ணப்படும். முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் ஹெட் தனக்கு வேண்டிய வரிகளை எடுத்துக்கொண்டு பைப்பை மூடினால், முன்னால் எழுதிக்கொண்டிருந்த கட்டளை 141 என்ற எண்ணோடு சாகும், அதுவும் தோல்விக் கணக்கில் வரும். அந்த இரண்டு இடங்களில் மட்டும் பைப்ஃபெயிலை அணைத்துவிட்டு, வரி முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.